ஹாமண்டிலிருந்து பியானோவுக்கு: பத்து விரல்கள் ஏற்கும் பொறுப்பு



ராக் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகிய ஒருவர் மேற்கத்திய செவ்வியல் பியானோ கற்க வருகிறார். அவருக்கு என்ன நேர்கிறது? அவர் கையோடு கொண்டு வருவது என்ன? புதிதாகக் கற்க வேண்டியது என்ன? இன்றைய பேச்சுக்கு இதுதான் பொருள்.

இப்படி வருகிறவர்களைப் பற்றி இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. கறுப்பு வெள்ளைக் கட்டைகள் இரண்டிலும் ஒன்றுதானே, வாசிக்கத் தெரிந்தவருக்குப் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்பது ஒன்று. ராக் வாசித்துக் கை கெட்டுவிட்டது, அரிச்சுவடியிலிருந்து தொடங்கட்டும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் பியானோவைக் குறைத்து மதிக்கிறது. இரண்டாவது எண்ணம் மனிதரைக் குறைத்து மதிக்கிறது. உண்மை எங்கே இருக்கிறது? சில எடுத்துக்காட்டுகளோடு பார்ப்போம்.

1969, செப்டம்பர் 24. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். மேடையில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. நடத்துநர் மால்கம் ஆர்னல்ட். அந்த ஆர்கெஸ்ட்ராவோடு ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழு: டீப் பர்ப்பிள். வாசிக்கப்படுவது ‘குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான கன்செர்ட்டோ’, மூன்று பகுதிகள் கொண்ட படைப்பு. இயற்றியவர் யார்? அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட். வயது 28. சிறு வயதில் பியானோ கற்றவர், பிறகு ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கிட்டாருக்கு ஈடாக முழங்கவைத்தவர்.

அந்தப் படைப்பின் ஸ்கோர் 1970-இல் தொலைந்துபோயிற்று. தொலைந்தது தொலைந்ததுதான் என்று உலகம் விட்டுவிட்டதா? இல்லை. மார்கோ டி ஹூய் என்ற டச்சு இசையமைப்பாளர் பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாத்தியம் வாத்தியமாக எழுதி அதை மீட்டெடுத்தார். 1999-இல் அதே அரங்கில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் அது மீண்டும் ஒலித்தது. மூன்று ஆண்டு கழித்து, 2002-இல், ஜான் லார்ட் டீப் பர்ப்பிளைவிட்டு விலகினார். இசை இயற்றுவதற்கே தன் நேரத்தைக் கொடுத்தார். 2007-இல் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் 175-ஆம் ஆண்டுக்காக அவர் எழுதிய டர்ஹம் கன்செர்ட்டோவிலும் ஹாமண்ட் ஆர்கனுக்கு இடம் உண்டு. செவ்வியல் இசைக்குள் போனவர் தன் பழைய வாத்தியத்தை வாசலில் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜான் லார்ட் புகழ்பெற்றவர். குழந்தைப் பருவத்திலேயே பியானோ தெரிந்தவர். குழுவில் காதால் கேட்டே வாசித்துப் பழகி, முப்பது வயதில், நாற்பது வயதில் முதன்முறை பியானோ ஆசிரியர் முன் உட்காருகிறவரின் நிலை என்ன?

அதை அறிய, முதலில் ராக் மேடையைப் பார்க்க வேண்டும். அங்கே கீழ் ஸ்தாயியை யார் சுமக்கிறார்? பேஸ் கிட்டார். தாளத்தை யார் சுமக்கிறார்? டிரம்ஸ். மெட்டை யார் சுமக்கிறார்? பாடகர். ஒலி கூடுவதையும் குறைவதையும் யார் சுமக்கிறார்? ஆம்ப்ளிஃபயரும், காலடியில் இருக்கும் பெடலும், அரங்கின் பின்னால் நிற்கும் ஒலிப்பொறியாளரும். கீபோர்டு கலைஞருக்கு மிஞ்சுவது இவற்றின் நடுவே உள்ள இடம். அந்த இடத்தில் சரியான கார்டை, சரியான நேரத்தில், சரியான நிறத்தில் வைப்பது அவர் வேலை. அது சிறிய வேலை அன்று. ஆனாலும் அது பகிர்ந்துகொண்ட வேலை.

இப்போது பியானோவுக்கு வாருங்கள். கீழ் ஸ்தாயியை யார் சுமக்கிறார்? இடக்கையின் சுண்டு விரல். தாளத்தை யார் சுமக்கிறார்? அதே கைதான். மெட்டை யார் சுமக்கிறார்? பெரும்பாலும் வலக்கையின் நான்காம் விரலும் ஐந்தாம் விரலும், அதாவது கையிலேயே வலுக்குறைந்த விரல்கள். ஒலியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் யார் சுமக்கிறார்? ஒவ்வொரு விரலும், ஒவ்வொரு சுரத்திலும். ஐந்து பேர் சுமந்த பாரம் பத்து விரல்களுக்கு வந்து சேர்கிறது. குழுவிலிருந்து பியானோவுக்கு வருகிறவர் சந்திக்கும் மாற்றத்தின் மையம் இதுதான். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

முதல் கிளை, தொடுகை.

ஹாமண்ட் ஆர்கன் 1935-இல் சந்தைக்கு வந்தது. அதன் உள்ளே மின்மோட்டாரால் சுழலும் பல்சக்கரங்கள் ஒலியை உண்டாக்குகின்றன. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். கட்டை ஒரு சுவிட்ச். ஒலியைக் கூட்ட வேண்டுமா? வலக்காலால் பெடலை மிதிக்க வேண்டும். 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரிலும் கட்டைக்கு மென்மை வன்மை தெரியாது. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 விரலின் வேகத்தை உணர்ந்தது. அதே ஆண்டு வந்த மிடி முறை அந்த வேகத்தை 1 முதல் 127 வரை எண்களாக்கியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் விரலுக்கு அடியில் அங்கே இருந்தது ஸ்பிரிங். சுத்தியல் இல்லை.

பியானோவில் சுத்தியல் இருக்கிறது. ஏறக்குறைய 1700-இல் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்த பெரும் கண்டுபிடிப்பு அதுதான். கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறக்கிறது. அடித்துவிட்டு உடனே பின்வாங்குகிறது. கட்டை கீழே இறங்கும் தூரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் சுத்தியலுக்கு விரல் எவ்வளவு வேகம் கொடுத்ததோ, அவ்வளவுதான் அந்தச் சுரத்தின் தலையெழுத்து. அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது.

ஆர்கனில் பழகியவருக்கு இது முதல் அதிர்ச்சி. ஏன்? ஆர்கன் சுரம் விரல் இருக்கும்வரை அதே அளவில் நிற்கும். பியானோ சுரமோ கோயில் மணியைப்போல, அடித்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கும். தேயும் சுரங்களைக் கொண்டு தொடர்ந்து பாடும் ஒரு மெட்டை எப்படி உருவாக்குவது? முன் சுரம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அடுத்த சுரத்தை அதற்கு இசைய வைக்க வேண்டும். கேட்க வேண்டும், வைக்க வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723-இல் ‘இன்வென்ஷன்கள்’ என்ற தம் கட்டை வாத்தியப் படைப்புகளைச் செம்மைப்படுத்தி எழுதியபோது, பாடுவதுபோல் வாசிக்கப் பழகுவதையே அவற்றின் முதன்மை நோக்கமாக முகப்பில் குறிப்பிட்டார். அவர் காலத்து ஹார்ப்சிகார்டில் தொடுகையால் ஒலியைக் கூட்டிக் குறைக்கவே முடியாது. அந்த நிலையிலும் கட்டை வாத்தியம் பாட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார்.

இரண்டாவது கிளை, கால்.

இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆர்கன் கலைஞரின் வலக்கால் பல ஆண்டுகளாக ஒலியளவைக் கூட்டிக் குறைத்துப் பழகியிருக்கிறது. பியானோவில் அதே வலக்காலுக்கு முற்றிலும் வேறு வேலை. வலப்பெடலை மிதித்தால் கம்பிகளை அடக்கும் கம்பளிக் கட்டைகள் எல்லாம் மேலே எழும்புகின்றன. அடித்த சுரங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். கார்ட் மாறும்போது பெடலை எடுக்காவிட்டால் பழைய கார்டும் புதிய கார்டும் சேற்றில் குழைந்தாற்போல் ஆகிவிடும். ஆகவே புதிய கார்டை அடிக்கும் கணத்தில் பெடலை எடுத்து, அடித்த உடனே மறுபடி மிதிக்க வேண்டும். கை இறங்கும்போது கால் ஏற வேண்டும். உணர்ச்சி பொங்கும் இடத்தில் காலை அழுத்திப் பழகியவருக்கு இது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்! பல மாதச் சாதகம் இதற்கு மட்டுமே தேவைப்படலாம்.

மூன்றாவது கிளை, இடக்கை.

மினிமூக்கின் இடப்பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்று சுருதியை வளைக்க, மற்றொன்று ஒலியை அசைக்க. மேடையில் இடக்கை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அல்லது பேஸ் கிட்டாரின் வழியில் குறுக்கிடாமல் நடு ஸ்தாயியில் கார்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு புகழ்பெற்ற விதிவிலக்கு உண்டு. தி டோர்ஸ் குழுவின் மேடையில் பேஸ் கிட்டார் கிடையாது. ரே மன்சாரெக் வலக்கையால் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன் வாசித்தபடி, இடக்கையால் 32 கட்டைகள் கொண்ட ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸில் கீழ் ஸ்தாயியைத் தாங்கினார். ஒரு கை அசையாமல் தாளத்தைத் தாங்க, மறு கை தன்போக்கில் அலைந்து திரிய, இரண்டையும் ஒரே மனிதர் நடத்தினார்.

அதையே பாரிஸில் ஷோபான் தம் மாணவர்களிடம் எதிர்பார்த்தார் என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இடக்கை ஆர்கெஸ்ட்ரா நடத்துநரைப்போல் காலத்தைக் காக்க வேண்டும், வலக்கை சற்றே முந்தியும் பிந்தியும் பாடலாம் என்பது அவர் பாடம். ராக் குழுவில் டிரம்ஸ் கலைஞரோடு இணைந்து வாசித்தவருக்கு இந்தப் பாடம் அந்நியமா? அல்லவே அல்ல! இதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரம்ஸ் கலைஞரைத் தம் இடக்கைக்குள் வரவழைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை குறைகளைச் சொன்னோம். இனி நிறைகளுக்கு வருவோம். இங்கேதான் ஆசிரியர்களின் கவனத்தை வேண்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

குழுவில் வாசித்தவருக்குத் தாளம் தெரியும். தவறு நேர்ந்தால் நிற்காமல் தொடரத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தானும் வாசிக்கத் தெரியும். ஹாமண்டில் பழகியவரானால் இன்னொன்றும் தெரியும். அந்த வாத்தியத்தில் விரலை எடுத்தால் ஒலி அந்தக் கணமே அறுந்துவிடும். ஆகவே ஒரு விரல் எழுவதற்குள் அடுத்த விரலை இறக்கி, பெடல் உதவியின்றிச் சுரங்களைத் தொடுக்க விரல்கள் கற்றிருக்கும். பாக் இன்வென்ஷன்களுக்கு வேண்டிய திறமை இதுவேதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கார்ட் அறிவு. காகிதத்தில் ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு எழுத்துகள் இருந்தால் போதும், குழுவின் கீபோர்டு கலைஞர் அந்தக் கணமே ஒரு முழு வாசிப்பை உருவாக்கிவிடுவார். செவ்வியல் மரபு இதைத் தாழ்வாகப் பார்க்க வேண்டுமா? அந்த மரபின் வரலாற்றைத் திருப்பிப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ஹார்ப்சிகார்ட் கலைஞர் முன்னால் இருந்தது என்ன? ஒரு கீழ் ஸ்தாயி வரி, அதன் அருகே சில எண்கள். எந்த கார்ட் என்று எண்கள் சொல்லும், எப்படி வாசிப்பது என்று கலைஞர் முடிவு செய்வார். செல்லோ கீழ் ஸ்தாயியைத் தாங்க, ஹார்ப்சிகார்ட் கார்டுகளை நிரப்ப, மேலே பாடகர் பாட, அது அந்தக் காலத்து இசைக்குழு. பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக் கட்டை வாத்தியக் கலையைப் பற்றி எழுதிய பெருநூலின் இரண்டாம் பாகம் 1762-இல் வெளியானது. எண்களைப் பார்த்துத் துணை வாசிப்பதற்கும் கற்பனையாக வாசிப்பதற்குமானது அந்தப் பாகம்.

கற்பனை வாசிப்பு என்றதும் பீத்தோவனைச் சொல்லாமல் போக முடியுமா? வியன்னாவுக்கு வந்த இளம் பீத்தோவனுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். 1803, ஏப்ரல் 5. மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவின் முதல் அரங்கேற்றம். பக்கம் புரட்ட அருகில் அமர்ந்தவர் இக்னாஸ் வான் சைஃப்ரிட். புரட்டிப் பார்த்தால் பக்கங்கள் ஏறக்குறைய வெற்றுத்தாள்கள், அங்கங்கே சில கிறுக்கல்கள் மட்டுமே என்று அவர் பின்னாளில் எழுதினார். பியானோ பகுதியை எழுதி முடிக்க நேரம் இல்லை. பீத்தோவன் நினைவிலிருந்து வாசித்தார். நான்கு எழுத்துகளைப் பார்த்து மேடையேறிய ராக் கலைஞருக்கு இந்த மனிதர் உறவினர் இல்லையா?

சரி, காது முந்தியிருக்கிறது, கை பிந்தியிருக்கிறது. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது? பில்லி ஜோயல் 2001-இல் வெளியிட்ட ‘ஃபேன்டஸீஸ் அண்ட் டெலூஷன்ஸ்’ தொகுப்பைப் பாருங்கள். முழுக்க முழுக்கச் செவ்வியல் பாணியில் அவர் இயற்றிய தனிப் பியானோப் படைப்புகள். பியானோவோடு வாழ்ந்து உலகப் புகழ் பெற்றவர், தம் படைப்புகளை ஒலிப்பதிவில் வாசிக்கும் பணியை ரிச்சர்ட் ஜூ என்ற செவ்வியல் பியானோ கலைஞரிடம் கொடுத்தார். மனதில் எழுந்த இசைக்கு அதற்கெனவே பயின்ற கைகள் வேண்டும் என்ற மரியாதை அதில் தெரிகிறது.

நம் ஊரிலும் இந்தப் பாதை அறியாதது அன்று. சென்னையின் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் ஒருவர், திரைப்பட ஒலிப்பதிவுகளிலும் கீபோர்டு வாசித்துக்கொண்டே, சென்னையில் இருந்தபடி டிரினிடி இசைக் கல்லூரியின் மேற்கத்திய செவ்வியல் இசை டிப்ளமோவை முடித்தார். சிறு வயதில் அவருக்குப் பாடம் சொன்னவர் தன்ராஜ் மாஸ்டர். இளையராஜாவுக்கும் மேற்கத்திய இசையைக் கற்பித்த அதே தன்ராஜ் மாஸ்டர். அந்த இளைஞர் ஏ.ஆர்.ரஹ்மான். 2008-இல் அவர் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய செவ்வியல் பியானோவுக்கு முறையான பயிற்சி உண்டு. இன்று டிரினிடி நிறுவனம் செவ்வியல் பியானோவுக்கும், ராக் அண்ட் பாப் பிரிவில் கீபோர்டுக்கும் தனித்தனியே தேர்வுகள் நடத்துகிறது. இரண்டு கதவுகளும் ஒரே கட்டடத்தில்தான் திறக்கின்றன.

அப்படியானால் எங்கே தொடங்குவது? எந்தப் படைப்பை முதலில் எடுப்பது? கேள்வி இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்று வாசல்களைக் காட்டலாம்.

முதல் வாசல், பாக் 1722-இல் தொகுத்த ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் நூலின் முதல் பிரலூட், சி மேஜர். மொத்தம் 35 பார்கள். கடைசிச் சில பார்கள் நீங்கலாக, பாருக்கு ஒரு கார்ட், ஒரே வடிவில் உடைத்து வாசிக்கப்படுகிறது. முதல் நான்கு பார்களைக் குழுக் கலைஞர் தம் மொழியிலேயே படித்துவிடலாம்: சி, அடுத்து கீழே சி வைத்த டி மைனர் செவன், அடுத்து கீழே பி வைத்த ஜி செவன், மறுபடி சி. நொட்டேஷன் படிக்கத் திணறுகிறவர், தமக்கு ஏற்கெனவே தெரிந்த கார்டுகள் ஐந்து கோடுகளில் எப்படித் தோற்றம் தருகின்றன என்று இங்கே கண்டுகொள்கிறார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வார்த்தை வார்த்தையாகப் படிக்கத் தொடங்குகிறார்.

இரண்டாம் வாசல், ஷோபானின் ஓபஸ் 28 பிரலூட்களில் நான்காவது, ஈ மைனர். 1839-இல் வெளியானது, 25 பார்கள் மட்டுமே. பத்து ஆண்டு கழித்துப் பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் ஷோபானின் இறுதிச் சடங்கில் இது ஆர்கனில் வாசிக்கப்பட்டது. இதன் இடக்கையைப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒலிக்கும் கார்டுகள், ஒவ்வொரு சுரமாக, பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்குகின்றன. குழுவில் கார்ட் பிடித்து வாசித்த கைக்கு இது தெரிந்த வேலை. வலக்கைக்கோ மிகச் சில சுரங்கள். அப்படியானால் எளிது என்று எண்ணிவிடலாமா? வலக்கையின் நீண்ட சுரம் தேய்ந்துகொண்டே போகும்போது, இடக்கையின் கார்டுகள் அதை மூடிவிடக் கூடாது. ஒரே கார்டை எட்டு முறை அடித்தால், எட்டும் ஒரே கனத்தில் இருக்கவும் கூடாது. தொடுகை, பெடல், இடக்கைத் தாளம் ஆகிய மூன்று பாடங்களும் இந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

மூன்றாம் வாசல் பேலா பார்டோக். ராக் ரசிகர்களில் பலர் தம்மை அறியாமலே அவரைக் கேட்டவர்கள். எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் 1970-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் ‘தி பார்பேரியன்’ என்று முழங்குவது, பார்டோக் 1911-இல் எழுதிய அலெக்ரோ பார்பரோவின் மறுவடிவம். கீத் எமர்சன் அதோடு நிற்கவில்லை. முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு எழுதிய ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ தொகுப்பைக் குழுவோடு மேடையேற்றினார், 1977-இல் தாமே ஒரு பியானோ கன்செர்ட்டோவும் வெளியிட்டார். எமர்சனைக் கேட்டு வளர்ந்தவர் பார்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸைத் திறக்கலாம். ஆறு பாகங்கள், 153 படைப்புகள். இரண்டு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கும் எளிய பாடத்தில் தொடங்கி, பல்கேரியத் தாளங்களில் அமைந்த ஆறு நடனங்களில் முடிகிறது. ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது எண்ணிக்கைகளைச் சமமற்ற கூறுகளாகப் பிரிக்கும் தாளங்கள் அவை. ப்ராக்ரெசிவ் ராக் வாசித்தவர் அங்கே விருந்தாளி அல்லர், வீட்டுக்காரர்!

கற்க வந்திருக்கும் அன்பர்களே, ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குழு ஒத்திகையில் பாட்டை முழு வேகத்தில் முழுவதுமாக வாசித்துப் பழகியிருப்பீர்கள். பியானோ சாதகம் வேறு. இரண்டு பாரை எடுத்து, பாதி வேகத்தில், ஒரு கையால் மட்டும் வாசிக்க வேண்டியிருக்கும். மேடையில் நூற்றுக்கணக்கானோரை எழுந்து ஆடவைத்த கைக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சோதனைதான். ஆனால் அந்த மெதுவான வேகத்தில்தான் எந்த விரல் கனக்கிறது, எந்த விரல் நழுவுகிறது என்று காதுக்குத் தெரியும். உங்கள் காது நல்ல காது. அதற்கு நேரம் கொடுங்கள். குழுவையும் விட்டுவிட வேண்டாம். வார நாட்களில் பாக், வார இறுதியில் ராக் என்று இரண்டும் நடக்கட்டும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவர் உங்கள் வகுப்புக்கு வந்தால், குழந்தைகளுக்கான முதல் புத்தகத்தை உடனே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். குழுவில் வாசித்த பாட்டு ஒன்றைப் பியானோவில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கார்டுகளைக் கவனியுங்கள், தாளத்தைக் கவனியுங்கள், இடக்கை எங்கே ஓய்ந்துவிடுகிறது என்று கவனியுங்கள். பிறகு வலப்பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லி அதையே மறுபடி கேளுங்கள். அவருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அந்த இரண்டு வாசிப்புகளிலேயே உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். அதன் பிறகு அந்த ஈ மைனர் பிரலூடின் இடக்கைப் பகுதியை மட்டும் கொடுத்து, அடுத்த வகுப்புக்குச் சாதகம் செய்துவரச் சொல்லுங்கள்.